உராய்வு அண்ணாச்சியும் புஸ்வாணத்தின் நகமும்

சிவகாசியைச் சுற்றிப் பிறந்து வளர்ந்த எந்த நாயும் உராய்வு அண்ணாச்சியின் கையில் நகத்தைக் கொடுக்காமல் செத்துப்போயிருக்க முடியாது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அதில் பொய்யே இல்லை. எங்கள் தெருவில் மனிதர்கள் நகம் வெட்ட மறந்துபோய்த் திரியலாம், நாய்களுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். அதைத் தெருவில் யாரும் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வெடிக்குள் போகிற ரசாயனக் கலவையை நாங்கள் மருந்து என்போம். அந்த மருந்தைக் கலக்கிற ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும் உராய்வுதான் காரணம் என்பது அவருடைய முடிவான முடிவு. பஸ் கவிழ்ந்தால் உராய்வு. புருசன் பெண்டாட்டி சண்டை என்றால் உராய்வு. என் வீட்டுக்காரருக்கு மூலம் வந்து படுத்தபோதுகூட, பார்க்க வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதே காரணத்தைத்தான் சொன்னார். இவரும் வலியோடு வலியாகத் தலையை ஆட்டினார்.

மருந்து ரூமுக்குள் நுழையுமுன், உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். அது கம்பெனி விதி. அண்ணாச்சி வேலையை விட்டு வந்த பிறகு அதே மாதிரி ஒரு தகட்டைத் தன் வீட்டு நிலையில் பதித்து, மண்ணுக்குள் கம்பி இறக்கிவிட்டார். பால்காரர் தொட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார். கேஸ்காரர் தொட்டுவிட்டுத்தான் சிலிண்டரை இறக்கினார். எதிர்வீட்டுக்கு வாழ வந்த மருமகள் ஏதோ குலதெய்வச் சமாச்சாரம் என்று நினைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாள். நாங்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை.

நாய்க்கு நகம் வெட்டுவதென்றால் மற்ற ஊர்களில் ஆள் ஒருத்தர் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் வெட்டிவிடுவார். அண்ணாச்சி வீட்டில் அது ஒரு ஷிப்ட். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். வாசல் கதவும் கொல்லைக் கதவும் திறந்திருக்க வேண்டும், ஓட வழி வேண்டுமல்லவா. ஒரு பக்கம் மணல் வாளி, ஒரு பக்கம் தண்ணீர் வாளி. உடம்பில் பருத்தித் துணி தவிர வேறு எதுவும் ஆகாது. வேடிக்கை பார்க்கப் போன என்னை, நைலக்ஸ் சேலை கட்டியிருந்ததற்காகப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டாசு ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதும் விதி. அவர் அதையும் விடவில்லை.

"ரூமுக்கு நாலு பேருதான். யாராச்சும் ஒரு ஆளு வெளிய போங்க."

"நாங்க மூணு பேருதான இருக்கோம் அண்ணாச்சி. அப்புறம் நீங்க."

"நாயி இருக்குல்ல. அதுவும் உசுருதான."

நாயின் கால்களை ஈரச்சாக்கில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கிச் செம்புத் தகட்டில் தொட வைப்பார். அதற்குப் பிறகுதான் ஆயுதம் வெளியே வரும். பட்டறையில் சொல்லிச் செய்த பித்தளை வெட்டுக்கத்தி, பித்தளை அரம். இரும்பு அந்த வீட்டுக்குள் நாய் பக்கத்தில் வரக்கூடாது.

"கடையில நாய்க்குன்னே நகவெட்டி விக்கிது அண்ணாச்சி. சுளுவா வெட்டுமாம்."

"அது இரும்பு தங்கச்சி."

"இரும்பா இருந்தா என்ன? இது வீடுதான, கம்பெனியா?"

"அங்கனயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சாக," என்று சொல்லிவிட்டு அரத்தை எடுப்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

பைத்தியக்காரத்தனம் ஒரு பக்கம் இருந்தாலும் கை மட்டும் பூப்போல. கறுப்பு நகத்தில் சதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நுனியை மட்டும் துளித் துளியாகக் கிள்ளி, மிச்சத்தை அரத்தில் தேய்ப்பார். ஒருமுறை பலசரக்குக் கடைக்காரர் வீட்டு நாய் காலை வெடுக்கென்று இழுத்ததில் ரத்தம் வந்துவிட்டது. மஞ்சள்தூளை வைத்து அமுக்கிப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் அடிபட்டது யாருக்கு என்று சந்தேகம் வரும். நாய் அன்றைக்கே குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கப் போய்விட்டது. அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஊரான் வீட்டு நாய்க்கெல்லாம் இந்த மரியாதை. சொந்த நாய்க்கு மட்டும் விசாரணை.

சொந்த நாயின் பெயர் புஸ்வாணம். குட்டியாகக் கம்பெனிக்குள் நுழைந்தபோது குரைக்க வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருமாம், அதனால் பெண்கள் வைத்த பெயர். அதை மடியில் போட்டுக்கொண்டு, நகத்தைத் தேய்த்தபடியே கேட்பார். "அன்னைக்கு மருந்து ரூமுக்கு எதுக்குலே போன? ஒன்னைய யாரு அங்கன கூப்பிட்டது? சொல்லுலே." நாய் கொட்டாவி விடும். "வாயத் தெறக்கானா பாருங்க, அம்புட்டு அழுத்தம்" என்று எங்களிடம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரல் குற்றவாளிக்குத்தான் போகும். அவருடைய மனைவி பாக்கியத்தக்காவுக்கு எலும்பு.

முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். நான் அச்சுக் கம்பெனியில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் பிழை பார்க்கிறவள். அப்போது இந்த ஊருக்கு வாழ வந்த புதிது. என் வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொல்லி என் சிரிப்பை நிறுத்தினார்.

அது தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் நெருக்குகிறது, லோடு போயாக வேண்டும் என்று முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார். மருந்தைக் காலைக் குளிர்ச்சியிலேயே கலந்து முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் தொடக்கூடாது. அன்றைக்கு உச்சி வெயிலில் இன்னொரு கலவை போடச் சொன்னார் அண்ணாச்சி. ரூமுக்குள் இருந்தது செல்வம், பாக்கியத்தக்காவின் ஒரே தம்பி. மச்சினனாயிற்றே என்று அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அண்ணாச்சிதான். லாரிக்காரர் கூப்பிடுகிறார் என்று கேட் வரை போனவர், சத்தம் கேட்டுத் திரும்பியபோது ரூம் இல்லை. துணியில் கட்டிக் கொடுத்த செல்வம் ரொம்பச் சின்னதாக இருந்தான். அதைத் தூக்கியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு அவர் கறி சாப்பிடவில்லை.

புகைக்குள்ளிருந்து உயிரோடு வெளியே ஓடி வந்தது புஸ்வாணம் மட்டும்தான். வால் பொசுங்கியிருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் காரணம் உராய்வு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். எது எதோடு உராய்ந்தது என்று எழுதவில்லை. அந்த மிச்சத்தை அண்ணாச்சி தானே எழுதிக்கொண்டார். சிமிண்டுத் தரை, நாய் நகம். வேலையை உதறிவிட்டு, குற்றவாளியைக் கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அடுத்த மாதமே தெருவில் இருக்கிற மற்ற நாய்களின் நகமும் அவர் பொறுப்பாகிவிட்டது.

தெருவில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். நாய் நகத்தால் ஒரு ரூம் போகுமா என்று யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் நாய் இல்லையென்று ஆனால் அடுத்த கேள்வி என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெயிலில் கலக்கச் சொன்னது யார் என்று அந்த மனிதர் தன்னையே கேட்டுக்கொண்டால், அதற்குப் பிறகு உயிரோடு இருக்கமாட்டார் என்று எல்லோருமே பயந்தோம். அதனால் நாய் வைத்திருந்தவர்கள் எல்லாம் நாயைப் பிடித்துக்கொண்டு போய் அவர் வாசலில் தகட்டைத் தொட்டுவிட்டு நின்றார்கள். சிலர் நைசாக, எங்கள் நாய் தரையை ரொம்பக் கீறுகிறது என்று புகார் வேறு சொல்வார்கள். இப்படியே வருசங்கள் ஓடிப்போயின.

கெடுத்தது உரசாத ஒரு நகம். நாயின் முன்னங்காலில், உள்பக்கம் கொஞ்சம் உயரத்தில், கட்டைவிரல் மாதிரி ஒரு நகம் தொங்கும். அது தரையில் படாது. தரையில் படாததால் அண்ணாச்சி அதை ஒருநாளும் தொட்டதில்லை, உரசாத நகம் என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டார். மற்ற நகம் எல்லாம் மழமழவென்று இருக்க, இது மட்டும் வளர்ந்து, வளைந்து, வட்டமாகச் சுற்றிச் சதைக்குள்ளேயே இறங்கிவிட்டது. நாய் நொண்டியபோது பாதத்தை எல்லாம் தடவிப் பார்த்தார். முடிக்குள் ஒளிந்திருந்த அது, சீழ் வைத்து நாற்றம் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

ஆட்டோவில் புஸ்வாணத்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணாச்சி, பாக்கியத்தக்கா, நான். டாக்டரம்மா காரியாபட்டிப் பக்கத்துப் பெண், படித்து முடித்து வந்த புதிது. இரும்பு நகவெட்டியை எடுத்தார். அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டரம்மா டக்கென்று வெட்டி, குத்தியிருந்த துண்டை உருவி, சீழைக் கழுவி மருந்து வைத்தார்.

"மத்த நகமெல்லாம் இவ்வளவு அழகா வெட்டியிருக்கீங்க, இத மட்டும் எப்படி விட்டீங்க? தரையில உரசுற நகம் தானாவே தேஞ்சுக்கிடும். உரசாத இதத்தான் பாத்துக்கணும்."

"உரசுனா பொறி வரும்லம்மா," என்றார் அண்ணாச்சி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். "நகத்துல எப்படிங்கய்யா பொறி வரும்? நம்ம நகம் மாதிரிதான அதுவும். நீங்க தரையில கீறிப் பாருங்க, வருதான்னு."

அண்ணாச்சி கீறிப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்படியே கிடந்தார்.

தெரு நாய்கள் வழக்கம்போல் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. நாய்க்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பதில் இல்லை. இப்படியே சில வாரம் போன பிறகு பாக்கியத்தக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒழுங்கா ஒரு வாய் கஞ்சி எறங்கல தங்கச்சி. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னாக் கேப்பாக."

போனேன். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்க்கத் தெரியும் எனக்கு. இந்த மாதிரி இடத்தில் சொல்ல ஒரு வார்த்தையும் தெரியாது.

"நகத்துல பொறி வராதாமே தங்கச்சி," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு அண்ணாச்சி. அதுக்கு மருந்து ரூமப் பத்தி என்ன தெரியும்?" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்ப நாந்தான்."

வாசல்படியில் நின்ற பாக்கியத்தக்கா, "ஆமா" என்றார்.

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார்.

"உச்சி வெயில்ல கலக்கச் சொன்னது நீங்கதான். எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே தெரியும். நானும் அதே கம்பெனியில திரி வெட்டுனவதான. நாயி நகத்துல ஒரு ரூமு போகாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க கெணத்துல விழுந்துருப்பீக. தம்பியத்தான் குடுத்துட்டேன். ஒங்களையும் குடுக்கணுமா?" அக்கா அழவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் தணிந்தது. "போன்ல கத்துனவரு இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் தூங்குதாரு. நீங்களும் தூங்கணும்ல. அதான் நாயி மேல பளியப் போட்டா போடட்டும்னு விட்டேன். ஈரலத் தின்னுட்டு அதுவும் பேசாமத்தான இருந்துச்சு."

கொல்லைக்குப் போன அக்கா புஸ்வாணத்தை இழுத்துக்கொண்டு வந்தார். கொல்லையிலேயே கட்டிக் கிடந்ததில் தேயாமல் நகமெல்லாம் வளர்ந்து, காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தது. அக்கா பித்தளை அரத்தை எடுத்து அண்ணாச்சி கையில் திணித்தார்.

"இதுக்கு நடக்க முடியல. இதுக்காக வெட்டுங்க. தீக்காக வெட்ட வேண்டாம்."

அண்ணாச்சி எழுந்து உட்காரவே ரொம்ப நேரம் ஆனது. மணல் வாளி கேட்கவில்லை. ஈரச்சாக்கு கேட்கவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது, அதையும் பார்க்கவில்லை. நாயின் முன்னங்காலை எடுத்து மடியில் வைத்து, அந்தக் கட்டைவிரல் நகத்துப் புண்ணைத் தேடி, சுற்றியிருந்த முடியை விலக்கினார். இத்தனை வருசத்தில் அந்த நாயிடம் அவர் கேட்டதெல்லாம் ஏன் போனாய், எதற்குப் போனாய் என்றுதான். அன்றைக்குத்தான், குனிந்து, "வலிக்குதாலே?" என்று கேட்டார். புஸ்வாணம் அவர் கையை நக்கியது. மனிதர் உடைந்துபோய் அழுதார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நாயின் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போதும் வெட்டுகிறார். முகம் பழைய மாதிரி இல்லை. சில நாள் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி இருந்துவிடுகிறார், அக்கா வந்து தோளைத் தொட்டால்தான் மறுபடி கை நகரும். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. ஆனாலும் காலையில் ஒரு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டு, பருத்திச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.