கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 'மாமா' என்று எழுதலாமா கூடாதா என்பது தாங்கள் பதில் சொல்வதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும் என்பதால் இப்போதைக்கு 'ஐயா'. தாங்களும் வீட்டில் அம்மாவும் சுகமாக இருக்கவும், தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம் குறையாமல் இருக்கவும் விரும்புகிறேன். போனில் அனுப்பினால் எழுத்துப் பொடியாகத் தெரியும் என்று காகிதத்தில், கொட்டை எழுத்தில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஓர் அறையில் தங்களை உட்காரவைத்து, கையில் ஒரு போனைக் கொடுத்து, "இந்த ஆப்ல பல் டாக்டரைப் பாக்க நேரம் வாங்குங்க சார்" என்று ஒரு பெண் சொன்னாள் அல்லவா, அது என் அலுவலகம். அந்த ஆப்பை வடிவமைத்தவன் நான். எதிர்ச்சுவரில் இருந்த பெரிய கண்ணாடி தங்கள் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி, எங்கள் பக்கம் ஜன்னல். தாங்கள் அதைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டபோது நேர் எதிரே எங்கள் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது, நடுவில் நான். சோதனைக்கு வருகிறவர் யார் என்று எங்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் தாங்கள் கதவைத் திறந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

பெண் கேட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்த அன்று என்ன வேலை என்று கேட்டீர்கள். "ஆப் டிசைன் அங்கிள், சிம்பிள்" என்று முடித்துவிட்டேன். விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆப்பைத் திறக்கிறவர் எங்கே தடுமாறுவார், எதை அமுக்குவார், எப்போது போனைத் தூக்கி எறிவார் என்று அவருக்கு முன்னால் யோசிப்பதுதான் என் வேலை. யோசித்தது சரியா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. அதற்கு இரண்டே விதி. உபயோகிக்கிறவர் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் குடி முழுகினாலும் உதவிக்குப் போகக் கூடாது.

தாங்கள் முதல் விதியைக் குறைவில்லாமல் கடைப்பிடித்தீர்கள். அழகுக்காக நான் எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் வைத்திருந்தேன். மிச்சம் இருந்த எழுத்தும் வெளிர் சாம்பல். "இந்த எழுத்தைப் போட்டவன் யாருன்னு சொல்லும்மா, மாசாமாசம் கமிஷன் அனுப்பறேன். பாதி ஊரு என் கடைக்குத்தான் வரும்" என்றீர்கள். அடுத்து, நான் ஒரு வாரம் இழைத்து இழைத்து வரைந்த பல்லைப் பார்த்து, "இது என்ன, குழந்தை ஜட்டியா?" என்று அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையை அமுக்கினீர்கள். "இவன்தான் பல்லைக் காட்டறான்." நியாயம்தான். ஆனால் அது குழந்தைகள் பிரிவு. பல்வலிக்காரரான தாங்கள் தங்களுக்கே அம்மைத் தடுப்பூசிக்கு நேரம் வாங்கிக்கொண்டு, அதை உறுதியும் செய்துவிட்டீர்கள். நான் எழுந்துவிட்டேன். மேனேஜர் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடா. உதவி பண்ணக் கூடாது."

"அவர் என் மாமனார் சார்."

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே, "இப்ப என்ன நினைக்கிறீங்க சார்?" என்று கேட்டாள். தாங்கள் போனைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"என் பொண்ணைப் பத்தி நினைக்கிறேன்மா. ஒரு பையன் வந்தான், இதே வேலைதானாம். போன்ல எழுத்தைப் பெருசாக்க எப்படிப்பான்னு கேட்டேன். பிடுங்கினான், டப்டப்னு தட்டினான், கையில குடுத்துட்டான். எழுத்து பெருசாச்சு, எப்படின்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அவ ஒண்ணு கேட்டாலும் இப்படித்தானே பிடுங்குவான். வேணாம்னு சொல்லிடலாமான்னு இருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்து, "மாமனாரா? இன்னும் இல்ல போலிருக்கே" என்றார். சோதனையில் கிடைத்ததையெல்லாம் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது வழக்கம். 'பல், ஜட்டி போல் உள்ளது' என்ற சீட்டுக்குக் கீழே 'வடிவமைப்பாளரை மருமகனாக்க உபயோகிப்பாளர் தயங்குகிறார்' என்று எழுதி, 'அவசரம்' என்று சிவப்பில் அடிக்கோடிட்டு ஒட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, டீ கொண்டுவருகிறவர் தினமும் விசாரிக்கிறார்.

இதெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தாங்கள் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததற்குக் காரணம் என் சம்பளம் என்று நினைத்தேன். பிறகு முன்நெற்றி வழுக்கை என்று முடிவுசெய்து தைலம்கூட வாங்கிவிட்டேன். பிடுங்கியதுதான் காரணம் என்றால் அதைத் திருத்த முடியும், முன்நெற்றியை முடியாது. ஆப்பும் பிழைத்தது. தாங்கள் வந்திராவிட்டால் அடுத்த வாரமே வெளிவந்து, ஊரில் பல்வலிக்காரர்கள் எல்லாம் குழந்தை டாக்டர் வாசலில் நின்றிருப்பார்கள். இப்போது வெளியீட்டைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் கீழே கறுப்பில் பெயர் போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒன்று, போகும்போது போன் திரையை விரல் முட்டியால் தட்டினீர்களே, அது தப்பு. அது கதவில்லை.

தங்கள் கடையும் வீடும் மேலும் மேலும் செழிக்கட்டும், பல்வலி தீரட்டும், அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் போனைப் பிடுங்கியவன்

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் இதைத் தங்கள் மகளிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொல்கிறாள்: "டெஸ்ட்டுக்கு அப்பா பேரைக் குடுத்ததே நான்தான். நீ உள்ள இருப்பேன்னு அவர்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன். நேர்ல சொன்னா அவரைப் பேச விடுவியா நீ? வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னார் தெரியுமா? 'அவ்வளவு திட்டியும் பையன் வாயே திறக்கல, பொறுமைசாலிதான், எனக்குச் சம்மதம்'னுட்டார். இந்த லெட்டரைக் கிழிச்சுப் போடு." கிழிக்க மனம் வரவில்லை. அனுப்புகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரை இன்னொரு தடவை யோசியுங்கள், மாமா. அதுவரை நான் குறுக்கே பேசமாட்டேன்.