அறை மேல் குறித்த சுடலைமாடன்

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தால், கையில் சேவலோடு ஒரு குடும்பமே நிற்கிறது.

"தம்பி, சொடலமாடன் கோயிலு இதானே? மேப்பு இங்கனதான் காட்டுது," என்றார் குடும்பத் தலைவர்.

மேப்பில் அந்தக் கோயிலை அங்கே வைத்தவனே வனமாமலைதான்.

எந்தக் கோயிலுக்கு எந்த பஸ்சில் போகலாம் என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் குறிப்பது அவன் உத்தியோகம். சென்னைக்கு வெளியே, கம்பெனிகளுக்கு நடுவே அவன் குடியிருந்த வல்லம் வடகாலுக்கோ பஸ் கிடையாது. அவன் சொந்த ஊர்க்காரன் நம்பிராஜன் சில மைல் தள்ளித் தண்டலத்தில் இருந்தான். எப்போது கூப்பிட்டாலும், "பஸ்ஸே கெடையாதேல, எப்படி வர?" என்பான்.

பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துச் சலித்தவன், ஒருநாள் தன் அறை மேலேயே ஒரு கோயிலைக் குறித்துவிட்டான். கோயில் இருந்தால் பஸ் வரும். பஸ் வந்தால் நம்பி வருவான். திருநெல்வேலிக்காரன் கை வேறெந்தச் சாமியை எழுதும்? சுற்றியுள்ள கம்பெனிகள் முழுக்கத் தெக்கத்தி ஆட்கள்தான் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை.

"கோயில் பின்னாடி பொட்டல்ல இருக்கு," என்று சமாளித்தான்.

அவர்கள் பொட்டலில் செங்கல் ஒன்றை நட்டு, சந்தனம் பூசி, சேவலை அறுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய ஆட்கள். அதற்கடுத்த வாரம் மேளம்.

வீட்டுக்காரர் கோதண்டம் குதித்தார். "இன்னாபா இது? வூட்டாண்ட ஒரே ரத்தமா கீது! எவன் பண்ண வேல?"

வனமாமலை பயந்துபோய்க் கோயிலை வரைபடத்திலிருந்து அழித்தான். மறுநாளே மேனேஜர் கனகலட்சுமி கூப்பிட்டார். "இவ்ளோ கூட்டம் வர்ற கோயில எப்படி விட்டீங்க? ஒரே கம்ப்ளெயின்ட்! திரும்பப் போடுங்க. பஸ் அவசியம்னு ரிப்போர்ட்டும் எழுதுங்க."

அதன் பிறகு ஞாயிறுதோறும், மாட்டிக்கொள்வோமோ என்று உள்ளே பூட்டிக்கொண்டு கிடந்தான். வெளியே அவன் ஊர்ப் பேச்சு கலகலவென்று கேட்டது. கதவைத் திறக்கவும் முடியாமல், காதைப் பொத்தவும் மனமில்லாமல் அவனுக்கு அழுகையே வந்தது.

ஒருவழியாக பஸ் விட்டார்கள். வனமாமலை இஸ்திரி போட்ட சட்டையோடு, இரண்டு பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் நின்றான். முதல் பஸ்சிலிருந்து, கையில் மாலையோடு நம்பிராஜனே இறங்கினான்!

"ஏல நம்பி!" ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். "பஸ் விட்டதும் வந்துட்டியேல!"

"பஸ்ஸு இன்னைக்குத்தானல வந்துச்சு. நான் மொதல்லேருந்தே தண்டலத்துலேருந்து வாராவாரம் சொடலமாடனக் கும்பிட நடந்துல்லா வாரேன்! ஆமா, நீ எங்கல இந்தப் பக்கம்? ஒன் ரூமு இங்கனயா இருக்கு?"