எண்ணானந்தரின் தேவகணக்கு

மல்லேஸ்வரத்துக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. கூட்டம் மட்டும் கல்யாணத்துக்கு மேல். எண்ணானந்த சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். எண்கள் பூர்வஜன்மத்திலிருந்து ரத்தத்தில் வருகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று தலையில் கை வைத்தே சொல்லிவிடுவார். ஊசிகூட வேண்டாம். வாரமெல்லாம் கம்ப்யூட்டரில் பிழை தேடும் மகாஜனங்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கிருத்திகாவின் மூன்று வயது மகன் யுவனின் முறை வந்தது.

"எண்ணு, கண்ணா" என்றார் சுவாமி.

"அமா, அனி, அஹும், மரி, மங்கா..." என்று பத்துவரை அடுக்கினான் யுவன்.

தமிழில்லை, கன்னடமில்லை, இந்தியுமில்லை. சுவாமிக்கே ஒரு நொடி விழி பிதுங்கியது. ஆனால் தொழில் தெரிந்தவர்.

"தேவகணக்கு! இமயமலையில தவம் இருந்து நான் கத்துக்கிட்டது. போன ஜன்மத்துல இவன் என் குருநாதர்! வீட்டுல வச்சிருந்தா தீட்டுப் பட்டுடும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆசிரமத்துல ஒப்படைச்சிடுங்க. பதினாறு வயசு வரைக்கும் தாய் முகம் பார்க்கக் கூடாது."

கிருத்திகா மகனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் கணவன் ரகுராமோ நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான்.

"சாமியோட குருவே நம்ம வீட்டுல ஜட்டி போடாம ஓடிட்டு இருந்திருக்காரு, கிருத்தி!"

இருவருக்கும் வேலை. காலையில் ஈஜிபுரா டே கேரில் பிள்ளையை விட்டால் இருட்டிய பிறகுதான் தூக்கி வருவார்கள். அவன் பகலெல்லாம் என்ன பேசுகிறான் என்பது பெற்றவர்களுக்கே புதுச் செய்தி. புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அங்கே போனாள் கிருத்திகா.

மணிப்பூர்க்கார ஆயா தொய்பி, குழந்தைகளைக் கைபிடித்து மாடிப்படி இறக்கிக்கொண்டிருந்தாள். படிக்கு ஒரு சொல்: "அமா... அனி... அஹும்..." அத்தனை வாண்டுகளும் கூடவே கத்தின. அது அவளுடைய மணிப்புரி மொழி. கிருத்திகா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கோபம் வந்தது.

கணவனிடம் சொன்னாள். அவனா அசைவான்? "தேவர்கள் மணிப்பூர்ல இருந்திருக்கலாம் இல்ல?"

அன்றே டே கேர் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யுவனோடு அந்த வாண்டுப் படையும் மண்டபத்துக்குள் நுழைந்தது. சுவாமி இரு கைகளையும் விரித்தார்.

"ஒப்படைக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சந்தேகம், சாமி" என்றாள் கிருத்திகா. "தேவகணக்குல எட்டுக்கு என்ன?"

சுவாமி கண்ணை மூடினார். "அஷ்டோம்."

"நிபான்!" என்று படை மொத்தமும் கத்தியது.

"ஒம்பதுக்கு?"

"நவோம்..."

"மாபன்!" ஒரு சுருட்டைமுடிக்காரி விரலை நீட்டி சுவாமியை மிரட்டவே செய்தாள்.

"இத்தனை பேரும் உங்க குருநாதருங்களா, சாமி?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பதில் சொல்ல சுவாமி இல்லை. சமையற்கட்டு வழியாகப் போய்விட்டிருந்தார்.

கிருத்திகா மகனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ பொறப்புல எதுவுமே வராதா?" என்றான் ரகுராம், சுருதி இறங்கி.

"ரெண்டு தட்டுல லட்டு வச்சா, அதிகமா இருக்கற தட்டைத்தான் இழுப்பான். அந்த அளவுக்கு வரும், காக்காவுக்கும் வரும். எட்டு, ஒம்பதுன்னு எண்ணறது, கூட இருக்கறவங்க சொல்லிக் குடுத்துத்தான் வரும், இவனுக்கு டே கேர் ஆயா சொல்லிக் குடுத்த மாதிரி."

அதற்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார் ஒரு தகப்பனார். "மேடம், அந்த ஆயாம்மா எங்க இருக்காங்க? என் பொண்ணு தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுவாங்களா?"

பின்னாலேயே ஒரு புது வரிசை உருவாகிக்கொண்டிருந்தது. மகாஜனங்களே, அடுத்தவர் கை வைப்பதற்காகவே தலையை வளர்த்து வைத்திருக்கிறீர்கள்; ஒரு நாளாவது அதை நீங்களே உபயோகித்துப் பாருங்களேன்!