நாற்பத்தேழாம் லோதர்

விடிந்தால் ஞானஸ்நானம். இளவரசுக் குழந்தைக்காக வம்சாவளிச் சுருளை எழுதிக்கொண்டிருந்த அரண்மனை ஆவணக்காரர் எம்மரிக், பேனாவை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். நாற்பத்தாறாம் லோதருக்கு அடுத்தவர் நாற்பத்தெட்டாம் லோதர். நடுவில் ஆளைக் காணோம்.

கிரூன்ஸ்டைன் அரச குடும்பத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் லோதர் என்றுதான் பெயர். பிறந்த வரிசைப்படி எண். பிறந்த அன்றே செத்தாலும் எண் உண்டு. இப்போது ஆளும் பிரபு நாற்பத்தெட்டு. பீரங்கி முதல் சூப் கிண்ணம் வரை அந்த எண்ணைப் பொறித்தாயிற்று.

"நீங்க நாப்பத்தேழுதான்னு பிரபுகிட்ட சொல்லிட்டா என்ன?" என்றாள் மனைவி வால்புர்கா.

"வேலை போயிடும். வீடும் அரண்மனை வீடு. நாலு பிள்ளைங்களோட பனியில நிக்கணும்."

"அப்ப ஒரு லோதரைப் பொறக்க வெச்சு, அன்னைக்கே சாகடிச்சிடுங்க."

'நாற்பத்தேழாம் லோதர். இப்போதைய பிரபுவின் அண்ணன். பிறந்த அன்றே மரணம்' என்று எழுதினார் எம்மரிக்.

படித்த பிரபு கேவிக் கேவி அழுதார். "எனக்கு ஒரு அண்ணனா! அம்மா சாகற வரைக்கும் வாயே திறக்கலையே! யோவ் எம்மரிக், எங்கய்யா புதைச்சிருக்கு?"

"கோயில்... நிலவறையில, பிரபு."

"நாளைக்கு அண்ணன் பெட்டியைப் பீடத்து முன்னாடி கொண்டாந்து வை. அது மேல கை வெச்சுதான் என் பிள்ளைக்குப் பேர் வைப்பேன்."

எம்மரிக்குக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. செத்தாலும் அவ்வளவு சின்னப் பெட்டியில் அடங்க முடியாதே என்பதுதான் துக்கம்.

தச்சனிடம் ஓடினார். பெட்டி பளபளவென்று வந்தது. பழசாய்த் தெரியக் கரி பூசினார், அடுப்படி விறகுப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது. காபியை ஊற்றித் தேய்த்தார், மணத்தது. தூக்கிப் பார்த்தால் காற்றாய்க் கிடந்தது. இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

இரவோடு இரவாக உள்ளே வைத்துவிடப் போனவரை நிலவறை வாசலில் வெட்டியான் வைட் மறித்து, மூடியைத் திறந்தே விட்டான்.

எம்மரிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வைட், காட்டிக் குடுத்துடாதப்பா. என் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துடும்."

வைட் செங்கல்லைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"இது வேணாங்கய்யா, ஆத்துக் கல்லாப் போடுங்க. உள்ள இருக்கற மத்த முப்பது சின்னப் பெட்டியிலயும் உங்களுக்கு முன்னால இருந்தவங்க அதைத்தானே போட்டிருக்காங்க!"