பாதி வரி

நாற்பது வயது வரைக்கும் ராமப்பனுக்குத் தன் பேரை எழுத ஒரு சுவர் கிடைக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில் லேத் ஓட்டிப் பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் வாடகை வீடு. காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் மனுப் போட வேண்டும். அதனால் எண்பத்தொன்பதில் கம்பெனி மூலம் வீடு வாங்கப் பி.எஃப். லோன் கிடைத்ததும், கையோடு கல் வெட்டக் கொடுக்கப் போனான். கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு கிரானைட் பட்டறை. கறுப்புக் கல்லைத் தடவிப் பார்த்து, "'ராமப்பன் இல்லம்'னு வெட்டுப்பா. பஸ்ஸில போறவனுக்கும் தெரியணும்" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து அறிவித்தான்.

"சென்னம்மா, வீடு என் பேர்லதான். இதுல ரெண்டாம் பேச்சே இல்லை."

"மொதப் பேச்சே நான் பேசலைங்களே" என்றாள் மனைவி சென்னம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

அவள் பேசாமலிருந்தால்தான் ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ள ராமப்பனுக்குப் பதினாறு வருஷத் தாம்பத்தியம் போதவில்லை.

பத்திரப் பதிவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காபி கொடுக்கும்போது சென்னம்மா போகிற போக்கில் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுத் தாஹிராக்கா வீட்டுக்காரரு வரி ஆபீஸ்லதானே இருக்காரு. மொதமொதல்ல வீடு வாங்கறவங்களுக்கு இந்த வருஷம் ஒரு சலுகையாமுங்க. அஞ்சு வருஷத்துக்கு வீட்டு வரியில பாதி கட்டினாப் போதுமாம்."

ராமப்பன் காபியைக் கீழே வைத்தான். தள்ளுபடி என்று போட்டிருந்ததற்காகப் பெங்களூரில் இரண்டு அளவு பெரிய செருப்பை வாங்கி, பஞ்சு திணித்துக்கொண்டு நடந்தவன் அவன்.

"அப்போ நமக்கும் உண்டே!"

"எங்கீங்க? பேர்ல வேற வீடு இருக்கக் கூடாதாம். உங்க சொந்த ஊரு பேரிகை வீட்டுப் பட்டாவுல உங்கண்ணன் பேரோட உங்க பேரும் இருக்குதே."

"அது ஓட்டு வீடு! அதுல எனக்கு இருக்கறது பாதித் தாழ்வாரம்!"

"பாதித் தாழ்வாரமும் வீடுதானுங்களே." பெருமூச்சு விட்டாள். "விடுங்க. ஊரெல்லாம் பாதி கட்டட்டும். நாம முழுசாக் கட்டுவோம்."

இந்தக் கடைசி வரிதான் அவனைக் குத்தியது. முழு வரி கூடப் பரவாயில்லை. ஊரார் பாதி கட்டுவதை எப்படிப் பொறுப்பது? இரண்டு நாள் லேத் சுற்றியது; அவன் தலையும் சுற்றியது. மூன்றாம் நாள் ஷிப்ட் முடிவதற்குள் ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. சொந்த யோசனை! சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்து வந்தான்.

"சென்னம்மா! வீட்டை உன் பேர்ல வாங்கிட்டா?"

"ஐயோ, எனக்கெதுக்குங்க வீடு?"

"சும்மா, காகிதத்துலதான்."

"வேணாமுங்க. பொண்டாட்டி பேர்ல எழுதிட்டான்னு நாலு பேரு உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"பாதி வரி கட்டறவனைப் பார்த்து முழு வரி கட்டறவனா சிரிப்பான்?"

"கையெழுத்துப் போட்டா எனக்குக் கை நடுங்குமே."

"நான் புடிச்சுக்கறேன்!"

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கட்டிக்கிட்டு வர நல்ல சேலை இல்லீங்க."

மறுநாள் சேலை வந்தது.

"ஆடிக்கு எங்கம்மா வந்து பத்து நாள் தங்கணும்னு சொல்லுது. உங்களுக்குப் புடிக்காது…"

"இருபது நாள் தங்கட்டும்!"

"சரி. உங்களுக்காக" என்றாள் சென்னம்மா, விளக்கெண்ணெய் குடிக்கிறவள் மாதிரி.

பதிவன்று கை நடுங்கியது ராமப்பனுக்குத்தான். அவள் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து அவன் கல் பட்டறைக்கு ஓடினான். "நிறுத்துப்பா!" என்று கத்தினான். கொத்துகிறவர் உளியை எடுத்துவிட்டார். கடைசி 'ம்' மட்டும்தான் பாக்கி. 'ராமப்பன் இல்ல' என்று பளபளத்தது கல்.

"இப்படியே மாட்டிக்குங்க சார். யாராவது தேடி வந்தா நீங்க எந்திரிச்சு வர வேண்டியதில்லை" என்றார் அவர்.

குடி போன மறுவாரம் பேரிகையிலிருந்து அண்ணன் பெரியதம்பி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, தோட்டத்துல போர் போடணும். வீட்டுப் பத்திரத்தைக் குடு. பேங்க்ல வெச்சுட்டு, தக்காளி எடுத்ததும் மீட்டுத் தர்றேன்."

அண்ணனுக்கு இல்லை என்று சொல்லி ராமப்பனுக்குப் பழக்கமில்லை. சென்னம்மாவின் இரண்டு வளையலும் இப்படித்தான் பேரிகை பஸ் ஏறின. திரும்பி வர அவற்றுக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை. பழக்க தோஷத்தில் எழுந்து பீரோவரைக்கும் போய்விட்டான். அங்கேதான் ஞாபகம் வந்தது.

"அண்ணா… வீடு அவ பேர்ல இருக்குது."

பெரியதம்பி சென்னம்மாவைப் பார்த்தார். "மோர் சாப்பிடுங்க மாமா" என்றாள் அவள். அவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். ராமப்பனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அண்ணனுக்கு முதல்முதலாக ஒரு 'இல்லை' சொல்லியாயிற்று. அதுவும் அவன் வாயால் சொல்லாமலே!

அந்தச் சந்தோஷத்தோடு சலுகைப் படிவத்தைக் கொடுக்க வரி ஆபீசுக்குப் போனான். தாஹிராவின் கணவர் ஜமீர் அகமது வாங்கிப் பார்த்தார். ராமப்பன் குனிந்து, தன் சாமர்த்தியத்தை ரகசியமாகச் சொன்னான். பேரிகை வீடு, பட்டா, பெண்டாட்டி பேர், எல்லாம். ஜமீர் அகமது கண்ணாடியைக் கழற்றினார்.

"பூர்வீக வீட்டுல பங்கு இருந்தா அது கணக்குலயே வராதே! உங்க பேர்ல வாங்கியிருந்தாலும் பாதி வரிதான். போன மாசமே உங்க வீட்டம்மா வந்து விலாவாரியாக் கேட்டுட்டுப் போனாங்களே. அதுவும் ரெண்டு தடவை."

வரியில் பாதி. அவள் சொன்ன விஷயத்திலும் பாதி.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். சென்னம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பூர்வீகப் பங்கு கணக்குல வராதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்களே."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். உங்கண்ணன் கேட்டாரே, நீங்க மாட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?"

வாதத்தில் தோற்றால் குரலை உயர்த்துவதுதான் ராமப்பனின் வழக்கம்.

"அதெல்லாம் இருக்கட்டும்! நாளைக்கே என் பேருக்கு மாத்தறோம்!"

"தாராளமா மாத்தலாமுங்க. ஆனா அதுக்கு வீட்டுக்குச் சொந்தக்காரங்க சம்மதிக்கணுமாம். இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

உள்ளே போனாள். கொதிக்கிற ரசத்தை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"கேட்டேனுங்க. முடியாதுன்னுட்டாங்க."