அக்காவின் குரலும் பொருந்தாத எண்ணும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். நேற்று மாலை வரை நலமில்லை. போனில் நீ திட்டியது நியாயம்தான். மன்னிப்பை எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு, உன் அக்கா தட்டச்சு செய்தால் அவளுக்காகப் பேசும்படி ஒரு கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தாய் அல்லவா? திங்கட்கிழமை அது 'புதுப்பிக்கவா?' என்று கேட்டிருக்கிறது. கண்ணாடி போடாமல் நான்தான் 'சரி' என்று அமுக்கியிருக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கம்ப்யூட்டரையே ஓட்டுகிற கெர்னல் புதுசாகிவிட்டது, ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. ஸ்பீக்கரைப் பேசவைக்கும் டிரைவர் புரோகிராமைப் புதுக் கெர்னலுக்கு மறுபடி கட்டப் போனால், 'ஓடுகிற கெர்னலுக்குப் பொருந்தும் ஹெடர் கோப்புகள் இல்லை' என்கிறது. எந்தப் பாகம் எதோடு பொருந்தும் என்கிற அளவுக்குறிப்புதானே ஹெடர்? முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் பதிப்பு எண் பொருந்தவில்லை என்று சொல்லலாமா? தேடினேன். எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கிற சி லைப்ரரியின் ஹெடர்களில் பழைய கெர்னல் எண் அப்பட்டமாக உட்கார்ந்திருந்தது. மாட்டினியா மவனேன்னு அதை அப்படியே கழட்டிட்டுப் புதுசைத் திணிச்சேன். ஓட்டையை அடைக்கப் போய்ச் சுவரையே இடிச்ச கதை! அதுக்கப்புறம் டிரைவர் என்ன, எந்தப் புரோகிராமையுமே கட்ட முடியலை.

மூன்று நாள் வீட்டில் சத்தமில்லை. சிலேட்டில் 'காபி' என்று எழுதுவாள். சண்டைக்கும் ஒரே வார்த்தைதான்: 'போங்க.' மகள் போன் பண்ணி, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். இவள் ரிசீவரை விரலால் தட்டினாள், இருக்கேன் என்று. சும்மா இருடின்னு எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்!

"அத்தான், சி லைப்ரரியை எந்த ஹெடரோட கட்டினாங்களோ அதோடயே விடுங்க! ஓடுற கெர்னலோட அது பொருந்தணும்னே இல்லை. டிரைவருக்குத்தான் ஓடுற கெர்னலோட ஹெடர் வேணும். அது வேற, இது வேற!" என்று நேற்று நீ கத்தினாய். கழற்றியதைத் தூக்கிப் போடாத தொழில் புத்தி காப்பாற்றியது. பழசைப் பழைய இடத்தில் வைத்து, டிரைவருக்குப் புதுசைத் தனியாக இறக்கி, அதைக் கட்டி முடித்தேன். மாலையில் ஸ்பீக்கர் சொன்ன முதல் வாக்கியம்: "மூணு நாளா அதே சட்டை. போய்க் குளிங்க." போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

நீயும் குடும்பமும் நோயின்றி, எந்த எண்ணும் இடிக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்திருக்கார். திங்கட்கிழமை 'சரி' அமுக்கினது நான். அப்ப அவர் மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தார். சிலேட்ல எழுதிச் சொல்லலாம்னுதான் இருந்தேன். மனுஷன் வேளாவேளைக்குக் காபி போட்டுக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுக்கிட்டே இருந்தார். குறுக்கே எழுத மனசு வரலை. இப்ப குரல் வந்துடுச்சு. மனசு இன்னும் வரலை.