மேல்பக்கம் தெரியாத கண்கள்

கண்புரை ஆபரேஷனுக்குப் பின் மனிதனுக்கு எவ்வளவு பார்வை திரும்பும் என்பதைக் கத்தி படுவதற்கு முன்பே இயந்திரம் சொல்லிவிடும் யுகம், கண்டாவுத் தீவின் சர்ச் மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்குப் பிறந்தது. ஒன்பதே காலுக்கு அதற்கு உடம்பு சரியில்லை.

"இவருக்குக் கடைசி வரி வரைக்கும் தெரியும்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நீ பாதி மார்க் போட்டிருக்கே?" என்றார் டாக்டர் இலாயிசா. பிறந்தது பக்கத்து ஊர், படித்தது பிரிஸ்பேன், நினைவிருப்பது பிரிஸ்பேன் மட்டும்.

அட்டையில் சீப்பு மாதிரி ஓர் எழுத்து. பற்கள் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் கை காட்ட வேண்டும்.

"இடது, வலது, கீழ எல்லாம் காட்டுறாங்க டாக்டர். மேல பாத்த சீப்புன்னா கை மடியிலயே கிடக்குது," என்றாள் நர்ஸ் அனசெய்னி. நேற்றுக் கத்தி பட்ட பதினெட்டுப் பேரும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விளக்கைக் கூட்டினார்கள். கை எழவில்லை.

"ஜனங்களுக்குத் தைரியம் வரணும்," என்ற டாக்டர், காலையிலேயே தாமே அழைத்து வந்து அட்டைக்குப் பக்கத்தில் உட்கார்த்தியிருந்த ஊர்த் தலைவரை நாற்காலியோடு அட்டைக்கு அடியிலேயே நகர்த்தினார். இப்போது இடதும் வலதும்கூடப் போயிற்று. அட்டைக்கும் மேசைக்கும் நடுவே, அவரைக் கடக்கும்போதெல்லாம் "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி குனிந்து குனிந்து நடந்ததில் அனசெய்னிக்கு இடுப்பு கழன்றது.

"மெஷின் தப்பாது. இது புது வியாதி. மேல்பக்கக் குருடு!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "என் பேரையே வச்சிடலாம்."

எல்லா மதிப்பெண்களையும் இயந்திரத்துக்கு ஊட்டினார். அது சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. ஆபரேஷனுக்குக் காத்திருந்த இருபத்திரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு: பயனில்லை.

"மூணு மணிப் படகுக்குக் கிளம்பிடலாம். நீயே அவங்ககிட்ட சொல்லிடு."

பட்டியலில் முதல் பெயர் மகெரெத்தா. இரண்டு கண்ணும் பால் வெள்ளை. அனசெய்னி பக்கத்தில் பாயில் சரிந்தாள்.

"அத்தை, உங்களுக்கு ஆபரேஷன் இல்லையாம்."

"ஏண்டி? முள்ளுக்குப் பயந்து மீனைத் தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. வெறும் மரவள்ளிக்கிழங்கு தொண்டையில நிக்குது."

"நேத்து பண்ணினவங்களுக்கே மேல்பக்கம் தெரியலையாம். கையைத் தூக்க மாட்டேங்கிறாங்க."

"அட்டை எங்க இருக்கு?"

"அதோ, அந்தச் செவுத்துல."

"நீங்கள்லாம் துலோ சொல்லிக்கிட்டே போறீங்களே, அந்தச் செவுரா?"

"ஆமா."

மகெரெத்தா பெருமூச்சு விட்டாள்.

"அங்க தலைவர்ல உக்காந்திருக்காரு? அவரு தலைக்கு மேல எவன்டி கையைத் தூக்குவான்?"